மூன்று புள்ளி ஒன்பது ஒன்று

அவரை நான் பார்த்ததில்லை.
என்னிடம் வந்து சேர்ந்தது
பச்சை மூடிக் குழாயில் நான்கு மில்லி.
ஒட்டியிருந்த தாளில்
ஆர்வெட் கெர்கெம், அறுபத்திரண்டு,
அவசரப் பிரிவு, மூன்றாம் கட்டில்.
காரணம் எழுதும் இடத்தில்
ஓடுகிற பேனாவின் கிறுக்கல்:
குழப்பம். குடி?

கூரெசாரே மருத்துவமனையின் அடித்தளம்.
நவம்பர் இரவு இரண்டரை மணி.
விழித்திருந்தது இயந்திரமும் நானும்.
சாராயம் பூஜ்யம் என்றது.
சர்க்கரை ஒழுங்கு.
கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது,
வயதாகிவிட்டால் சகஜம்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
பொத்தானை அழுத்தி மேலே அனுப்பினேன்.
சுண்ணாம்புச் சத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.
கேட்காத கேள்விக்கு
இயந்திரம் பதில் சொல்லாது.
நானும் சொல்லவில்லை.

காபிக்கு இறங்கி வந்த
ஆம்புலன்ஸ்கார வெய்க்கோ சொன்னான்:
டோலமைட் குவாரியில் லாரி ஓட்டுகிறவராம்.
மூன்று வாரமாகத் தாகம்,
வாளியில் மொண்டு குடிக்கிறாராம்.
ஒன்பது நாளாக வெளிக்குப் போகவில்லையாம்.
நேற்று ஆடுகள் மேயும் வெற்றுவெளியில்
பாரத்தோடு லாரியை நிறுத்திவிட்டுத்
'துறைமுகம் வந்தாச்சு' என்று இறங்கினாராம்.
ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சொட்டு பீர்கூடத் தொடவில்லையென்று
மனைவி லைனே அடித்துச் சொல்கிறாளாம்.
'எல்லா மனைவிகளும் சொல்வதுதானே'
என்றான் வெய்க்கோ,
சர்க்கரையைத் தேடிக்கொண்டே.

தொலைபேசி.
டாக்டர் கெர்து, வேலைக்கு வந்து நான்கு மாதம்,
கேட்கும்போதே மன்னிப்புக் கேட்கிற குரல்.
"அந்தக் குழாயில் மிச்சம் இருக்கிறதா?
இதயத் துடிப்புப் படத்தில்
ஓர் இடைவெளி குறுகலாகத் தெரிகிறது.
எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.
சுண்ணாம்பு பார்க்க முடியுமா?"

மிச்சம் இருந்தது.
பதினோரு நிமிடம்.
இரண்டரையைத் தாண்டக் கூடாத எண்
மூன்று புள்ளி ஒன்பது ஒன்று என்று நின்றது.
நம்பவில்லை.
அளவுத் திரவத்தை ஓட்டிச் சரிபார்த்து
மறுபடி போட்டேன்.
ஓர் இலக்கம்கூட இரங்கவில்லை.

நான் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்,
அது விதி.
"மூன்று புள்ளி ஒன்பது ஒன்று."
"மூன்று புள்ளி," ஒரு மூச்சு, "ஒன்பது ஒன்று."
நேரம் குறித்தோம்.
அவள் கடிகாரம் என்னுடையதைவிட
ஒரு நிமிடம் முந்தி ஓடுகிறது.

எலும்பு உருக அழுவதாகச் சொல்வதுண்டு.
இங்கே அழுகையே இல்லாமல்
உருகிக்கொண்டிருந்தது.
முப்பது வருடம் தீவின் கல்லை
ஏற்றி இறக்கிய மனிதர்
தன் எலும்பையே சுமை சுமையாய்
ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறார்.
இதை நான் கெர்துவிடம் சொல்லவில்லை.
ஆய்வகத்திலிருந்து இப்படிப் பேசினால்
மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று போடுவார்கள்.

உப்புநீர் ஏறியது, லிட்டர் லிட்டராக.
மூன்று வாரத் தாகத்தை
அன்றுதான் ஒருவர் நம்பினார்.
ஆறு மணிக்கு மூன்று புள்ளி ஐந்து எட்டு.
எட்டரைக்கு மூன்று புள்ளி மூன்று ஆறு.
கண்ணைத் திறந்து
'என் லாரியை யார் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது?'
என்று கோபப்பட்டாராம்.
லைனே சிரித்தாளா அழுதாளா
வெய்க்கோவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஊதா மூடியோடு ஒரு குழாய் வந்தது.
கழுத்தில் நான்கு சுரப்பிகள்,
ஒவ்வொன்றும் பருப்பளவு.
அவை கத்தியிருந்தால் நல்லது,
ஒரு கத்தியோடு முடிந்துவிடும்.
அவை வாய்மூடி இருந்தால்
வேறு எவரோ உள்ளிருந்து
எலும்பின் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.
எங்கள் இயந்திரத்துக்கு அந்த மொழி தெரியாது.
குழாயைப் பஞ்சில் சுற்றி
ஐஸ் பெட்டியில் வைத்தேன்.
படகேறித் தாலின் போகும்.

வீட்டில் கெட்டிலின் அடியில்
தீவுத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படலம்.
ஞாயிறுதோறும் வினிகர் ஊற்றிக் கரைப்பேன்.
இன்று ஞாயிறுதான்.
ஊற்றவில்லை.

முடிவு வெள்ளிக்கிழமை வரும்.
வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.